பதினான்காம் போர்ட் மூடப்பட்டது

பிப்ரவரி 3

தம்பிக்கு,

இரண்டு வருடமாக உன் எண்ணை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். இப்போதும் அந்தத் தடையை எடுக்கவில்லை. இது பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை. எனக்குத் தாளில் வேண்டும், உன் கையெழுத்தோடு வேண்டும். அதனால்தான் கடிதம்.

நடந்தது இது. ஜனவரி 20, திங்கட்கிழமை, காலை ஒன்பது பத்து. ஆபரேஷன் தியேட்டருக்கு ரத்தம் எடுத்துப்போக எங்கள் ரத்த வங்கிக்கு வந்த தள்ளுவண்டிக்காரர் நான் நீட்டிய பையைக் கையில் வாங்கினார். "மேடம், இது சில்லுன்னே இல்லையே" என்றார். நான் கையுறை போட்டிருந்தேன். திரும்பிப் போய் ஃப்ரிட்ஜ் கதவின் மேல் இருக்கும் முள்ளைப் பார்த்தேன். பதினாறு டிகிரி. இரண்டுக்கும் ஆறுக்கும் நடுவில் நிற்க வேண்டிய முள். உள்ளே அறுபத்து நான்கு பைகள். அத்தனையையும் அழித்தோம். பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காத ஒரு பெண்ணை, நாற்பது நிமிடத் தொலைவில் உள்ள வேறொரு மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள், குழந்தையும் நலம். வெதுவெதுப்பான ரத்தம் யாருக்கும் ஏறவில்லை.

ஃப்ரிட்ஜின் வெப்பம் என் மேசையில் உள்ள திரையில் தெரியும். வெள்ளி பகலிலிருந்து திங்கள் காலை வரை அது 4.1 என்று பச்சை எழுத்தில் காட்டியது. நோட்டில் நாங்களும் 4.1 என்று எழுதினோம். ஃப்ரிட்ஜின் சொந்த மணி ஒரு வருடமாக வேலை செய்யவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் அடிக்கிறது, திரை இருக்கும்போது மணி எதற்கு என்று நிர்வாக அதிகாரி கழற்றச் சொன்னார். அதற்குச் சுற்றறிக்கை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அவர் சுற்றறிக்கை வைத்திருப்பார், அவருக்கு எங்கள் பக்கத்தில் பெயரே அதுதான்.

என் மேல் உள்ள குற்றச்சாட்டு: எச்சரிக்கை வந்தும் கவனிக்கவில்லை, ஃப்ரிட்ஜைப் பார்க்காமல் பொய்யாக எழுதினேன். மற்றவர்களுக்குக் கண்டிப்பு மட்டும். பொறுப்பாளர் என்பதால் எனக்கு சஸ்பென்ஷன். மார்ச் 12 விசாரணை. நிரூபணமானால் வேலை போகும். பத்தொன்பது வருட வேலை.

அந்த மாடியின் நெட்வொர்க் ஸ்விட்சை மூன்று வருடத்துக்கு முன் ஒப்பந்தக் கம்பெனிக்காக வந்து அமைத்தது நீ. கம்பெனி இப்போது 'இணைப்பு முழு நேரமும் சரியாக இயங்கியது' என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறது. எனக்கு ஒரே ஒரு கேள்வி. அந்த மூன்று நாளில் எங்கள் அறையின் இணைப்பு இயங்கியதா? ஆம் அல்லது இல்லை.

அம்மாவுக்கு இடுப்பு வலி மாலையில் மட்டும். நடக்கிறார்.

அக்கா


பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ என்று நினைத்து, வேலைக்கு உள்ளே போகாமல் துறைமுக வாசலிலேயே நின்று பிரித்தேன். இரண்டு முறை படித்தேன்.

ஆம் இல்லை என்று ஒரு சொல்லில் எழுதலாம். விசாரணையில் அது நிற்காது. முதலில் அந்த ஸ்விட்ச் என்ன செய்யும் என்று நீ தெரிந்துகொள்வது நல்லது.

அதில் இருபத்து நான்கு துளைகள். ஒவ்வொன்றையும் போர்ட் என்போம். உங்கள் அறைக்கு இரண்டு வருகின்றன. ஒன்று உன் மேசைக் கம்ப்யூட்டருக்கு. இன்னொன்று, பதினான்காம் போர்ட், மேசைக்கு அடியில் இருக்கும் சின்ன வெள்ளைப் பெட்டிக்குப் போகிறது. அந்தப் பெட்டியிலிருந்துதான் ஃப்ரிட்ஜின் வெப்பத்தை அனுப்பும் கருவிக்கும், லேபிள் அச்சடிக்கும் மெஷினுக்கும் வயர் போகிறது.

நெட்வொர்க்கில் சில செய்திகள் ஒருவருக்குப் போகும். சில எல்லோருக்கும் போகும். 'இந்த முகவரியில் யார் இருக்கிறீர்கள்?' என்று ஒரு கருவி கேட்டால், அது எல்லாத் துளைகள் வழியாகவும் போகும். இயல்பாக நொடிக்குப் பத்து இருபது கேள்விகள். எங்காவது ஒரு வயர் வட்டமாகச் சுற்றித் தன்னிடமே திரும்பி வந்துவிட்டால், கேட்ட கேள்வியே மறுபடி மறுபடி சுற்றும். நொடிக்கு லட்சக்கணக்கில் ஆகிவிடும். வேறு எதுவும் போக இடம் இருக்காது. இதை நாங்கள் ஸ்டார்ம் என்கிறோம். விட்டுவைத்தால் ஒரு அறையில் தொடங்கியது ஐந்து நிமிடத்தில் முழு மருத்துவமனையையும் படுக்க வைத்துவிடும்.

அதனால் ஸ்விட்சிலேயே காவல் ஒன்று வைப்போம். இவ்வளவுக்கு மேல் போனால் எச்சரிக்கை அனுப்பு. இத்தனை நொடி அப்படியே நீடித்தால் நடவடிக்கை எடு. நடவடிக்கை இரண்டு வகை. ஒன்று, அந்த போர்ட்டின் வேகத்தைக் குறைப்பது. நெரிசல் தணிந்து கால் மணி நேரம் ஆனால் தானாகப் பழைய நிலைக்கு வந்துவிடும். இன்னொன்று, போர்ட்டை மூடுவது. மூடினால் தானாகத் திறக்காது. ஒரு ஆள் வந்து கையால்தான் திறக்க வேண்டும்.

உங்கள் மாடியில் நான் வைத்தது பத்து நொடி, பிறகு மூடு.

அதனால் நீ இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் அந்த ஸ்விட்சின் பதிவை அச்செடுத்துத் தரச் சொல். வெள்ளிக்கிழமை அந்த அறையில் யாராவது ஏதாவது வயரைச் சொருகினார்களா என்றும் விசாரி.

பதிவைப் பார்க்காமல் நான் எதுவும் எழுதித் தருவது சரியாக இருக்காது.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


பிப்ரவரி 14

தம்பிக்கு,

ஆம் அல்லது இல்லை என்று கேட்டேன். பாடம் நடத்தியிருக்கிறாய்.

அம்மா, "என்ன எழுதியிருக்கான், படி" என்றார். படித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா எதையோ மறைச்சு எழுதியிருக்கான். சின்ன வயசுல கண்ணாடிய உடைச்சிட்டு, கண்ணாடி எப்படிச் செய்யுறாங்கன்னு என்கிட்ட விளக்கம் சொன்னவன் அவன்" என்றார்.

கம்ப்யூட்டர் பிரிவில் ஒருவர் இருக்கிறார். யார் என்ன சொல்லிப் போனாலும் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்பார், அவரை நாங்கள் ரீஸ்டார்ட் என்றே கூப்பிடுகிறோம். சஸ்பென்ஷனில் இருப்பவளுக்குக் கொடுக்கலாமா என்று அரை நாள் யோசித்தார். பிறகு, "நீங்க கேட்டீங்கன்னு வேணாம், நான் சும்மா எடுத்தேன், காத்துல பறந்து வந்துச்சுன்னு வச்சுக்குங்க" என்று கொடுத்தார். விசாரணைக்கு வேண்டுமானால் முறையாக விண்ணப்பம் போடச் சொன்னார். போட்டுவிட்டேன்.

தாளில் உள்ளது இது. ஜனவரி 17, வெள்ளி, காலை 10 மணி 42 நிமிடம் 7 நொடி: போர்ட் 14, அளவு மீறியது, எச்சரிக்கை அனுப்பப்பட்டது. 10:42:17: போர்ட் 14 மூடப்பட்டது, எச்சரிக்கை அனுப்பப்பட்டது. அதற்குப் பிறகு அந்த போர்ட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை, திங்கள் பகல் ரீஸ்டார்ட் என் மேசைக்கு அடியில் வயர்களையெல்லாம் கழற்றி, தேவையானதை மட்டும் மாட்டி, போர்ட்டைத் திறக்கும் வரை.

ஆக, இணைப்பு இயங்கவில்லை. நீ போன கடிதத்திலேயே அதைச் சொல்லியிருக்கலாம்.

திரை ஏன் 4.1 காட்டியது என்றும் அவரே சொன்னார். புதிதாக எண் வராவிட்டால் கடைசியாக வந்த எண் அப்படியே நிற்குமாம். வெள்ளி 10:42க்கு வந்தது 4.1.

இனி என் கேள்வி. எச்சரிக்கை இரண்டு முறை அனுப்பப்பட்டது என்று தாள் சொல்கிறது. குற்றச்சாட்டும் எச்சரிக்கை வந்தது என்றுதான் சொல்கிறது. என் மேசைக்கு வரவில்லை. ரீஸ்டார்ட்டுக்கும் வரவில்லை. யாருக்குப் போனது? தாளில் பெயர் இல்லை. அமைத்தவனுக்குத் தெரியும்.

வயர் எதையும் யாரும் சொருகவில்லை. நான் நாள் முழுக்க அந்த அறையில்தான் இருந்தேன்.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குப் போனது.

இதை எழுத இரண்டு தாள் கிழித்தேன். மறைப்பதற்காக இல்லை. எப்படிச் சொன்னாலும் முட்டாள்தனமாகத் தெரிகிறது.

அமைத்த அன்று எச்சரிக்கை யாருக்குப் போக வேண்டும் என்று சுற்றறிக்கையிடம் கேட்டேன். அப்போது அவர் அந்தப் பதவிக்குப் புதிது. "குழு போட்டு முடிவு பண்ணிச் சொல்றேன்" என்றார். முகவரி கட்டத்தை வெறுமையாக விட்டால் அமைப்பு ஏற்காது. சோதித்துப் பார்க்கவும் ஒரு முகவரி வேண்டும். அதனால் என் கம்பெனி மின்னஞ்சலைப் போட்டேன். அவர் சொன்னதும் மாற்றிக்கொள்ளலாம் என்று. அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒப்படைப்புக் குறிப்பில் அதை எழுதவும் இல்லை. நான் அந்தக் கம்பெனியில் இருந்தவரை உங்கள் மாடியிலிருந்து இரண்டு முறை எச்சரிக்கை வந்தது. இரண்டு முறையும் நானே போன் செய்து சரிசெய்யச் சொன்னேன். வேலை செய்கிறதே என்று விட்டுவிட்டேன். நான் விலகியதும் அந்த முகவரியை அழித்துவிட்டார்கள். ஜனவரி 17 அன்று அந்த இரண்டு செய்திகளும் இல்லாத ஒரு பெட்டிக்குப் போயின.

மூடு என்று ஏன் வைத்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். வேகத்தைக் குறைத்தால் பழுது உள்ளேயே கிடக்கும், மாதக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். மூடினால் யாராவது உடனே கத்துவார்கள் என்று நினைத்தேன். உங்கள் அறையில் அந்த வயரில் இருந்தது கத்தாத ஒரு கருவியும், மாதம் ஒருமுறை தொடுகிற லேபிள் மெஷினும் என்பதை நான் யோசிக்கவில்லை.

எழுதித் தருகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். இங்கே துறைமுகத்தில் என் தகுதிகாண் காலம் மார்ச் 31 முடிகிறது. அதற்குள் பழைய வேலையில் என் மேல் ஒரு தவறு எழுத்தில் வந்தால் நிரந்தரமாக்க மாட்டார்கள். உன் விசாரணையை மூன்று வாரம் தள்ளிவைக்கச் சொல்ல முடியுமா? ஏப்ரல் முதல் வாரம் என்றால் நானே நேரில் வந்து சொல்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 25

தம்பிக்கு,

அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தபோதும் மூன்று வாரம் என்றாய். நான்கு மாதம் கழித்து வந்தாய், ஊன்றுகோலோடு அவர் வாசல் வரை நடக்கத் தொடங்கிய பிறகு. அன்று உன்னிடம் சொன்னதை மறுபடி எழுதப் போவதில்லை.

தேதியைத் தள்ளிவைக்கக் கேட்க எனக்கு உரிமை உண்டு. கேட்கப் போவதில்லை. மார்ச் 12.

அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இத்துடன் என் வாக்குமூலம், மூன்று பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. எச்சரிக்கை முகவரி யாருடையது, ஏன் அப்படி வைத்தேன், ஒப்படைப்பில் ஏன் சொல்லவில்லை, போர்ட் மூடினால் தானாக ஏன் திறக்காது, எல்லாம் இருக்கிறது. கம்பெனியின் சான்றிதழ் தவறு என்றும் எழுதியிருக்கிறேன்.

அஞ்சலில் போடும் முன் இங்கே என் மேலாளரிடம் ஒரு நகலைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "இப்ப எதுக்குய்யா இத வந்து சொல்றீங்க? யாராவது கேட்டாங்களா?" என்றார். கேட்பார்கள் என்றேன். "கேக்கும்போது சொல்லியிருக்கலாமே" என்று நகலை மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

வாக்குமூலத்தில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. இரண்டாம் பக்கம், கீழே. அந்த ஸ்டார்ம் எப்படித் தொடங்கியது என்பது. ஒரு நொடியில் சும்மா இருந்த போர்ட், மறு நொடியில் அளவு மீறியிருக்கிறது. கருவி பழுதானால் இப்படி வராது. ஒரு வயரின் இரண்டு முனைகளும் ஒரே பெட்டியில் சொருகப்பட்டால்தான் வரும். அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டியில். யாரும் சொருகவில்லை என்று எழுதியிருக்கிறாய். வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது அந்த அறையில் யார் இருந்தார்கள், என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று ஒருமுறை யோசி. தெரிந்தால் அந்த இடத்தில் நீயே எழுது, தெரியாவிட்டால் 'யாரென்று தெரியவில்லை' என்று போடு. நான் கீழே கையெழுத்துப் போட்டாயிற்று.

இன்னொன்றையும் கேட்கிறேன். கோபித்துக்கொள்வாய். திரை நின்றுபோனதற்கு நான் காரணம். ஆனால் உன் அறையில் ஃப்ரிட்ஜ் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். உன் நாற்காலியிலிருந்து ஏழு எட்டு அடி. அந்த நோட்டில் 4.1 என்று உன் கையெழுத்தில் எத்தனை முறை இருக்கிறது?

தம்பி


மார்ச் 13

தம்பிக்கு,

விசாரணை நேற்று முடிந்தது. உன் கடிதம் ஏழாம் தேதி வந்தது. பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம் இல்லை. காலியிடத்தை நிரப்பிவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கு முன் அறையில் நானும் துப்புரவுப் பணியாளர் அம்மாவும் இருந்தோம். அவர் என் மேசைக்கு அடியில் துடைத்துக்கொண்டிருந்தார். "இந்த வயரு ஒண்ணு எப்பப் பாத்தாலும் துடைப்பத்துல சிக்குது" என்றார். பழைய கம்ப்யூட்டர் ஒன்று அங்கே இருந்தது, இரண்டு வருடத்துக்கு முன் எடுத்துப்போனார்கள். அதன் வயரின் ஒரு முனை வெள்ளைப் பெட்டியிலேயே இருந்தது, மறு முனை தரையில் கிடந்தது. எனக்கு எதுவும் அப்படிக் கிடக்கக் கூடாது, உனக்குத் தெரியும். குனிந்து, அந்த முனையை எடுத்து, பெட்டியில் காலியாக இருந்த ஒரு துளையில் வைத்தேன். சரியாகப் பொருந்தியது. க்ளிக் என்று சத்தம் வந்தது. அந்த அம்மாவும், "இப்பப் பாருங்க, நல்லாருக்கு" என்றார். நான் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

உன்னிடம் யாரும் வயரைச் சொருகவில்லை என்று எழுதியபோது நான் பொய் சொல்லவில்லை. எடுத்துவைத்தேன் என்றுதான் என் மனதில் இருந்தது. நீ நிமிடத்தோடு கேட்ட பிறகுதான் அது சொருகியது என்று தெரிந்தது.

விசாரணை நிர்வாகக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், நீள மேசை உள்ள அறையில். விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வந்தவர், ஓய்வு பெற்ற பொறியாளர், பாலங்கள் கட்டியவராம். சுற்றறிக்கை அவருக்குப் பக்கத்தில். ரீஸ்டார்ட் சுவரோரம், பதிவுத் தாளோடு. மாமா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே போகும் முன், "அவன் எழுதினதக் குடுத்துட்டு வாயத் திறக்காம வந்துடு. அதுவே போதும்" என்றார்.

அதிகாரி உன் வாக்குமூலத்தை நிதானமாகப் படித்தார். முதலில், "ஸ்விட்சை யாரும் கை தவறி அணைச்சிருக்க மாட்டாங்களே?" என்று கேட்டார். ரீஸ்டார்ட், "அது லைட் ஸ்விட்ச் இல்ல சார்" என்று விளக்கினார். பிறகு சுற்றறிக்கையைப் பார்த்து, "எச்சரிக்கை யாருக்குப் போகணும்னு நீங்க முடிவு பண்ணவே இல்லையா?" என்றார்.

"குழு போட்டோம் சார்."

"குழு கூடுச்சா?"

"உறுப்பினர்களை நியமிச்சோம் சார்."

அதற்கு மேல் அவர் அதைக் கேட்கவில்லை, எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு இரண்டாம் பக்கத்தின் கீழே விரலை வைத்தார். நான் என் கையால் நிரப்பியிருந்த இடம். சத்தமாகப் படித்தார். "'இந்த வயரைச் சொருகியது நான்.' இந்த நான் யாரு? கையெழுத்துப் போட்ட உங்க தம்பியா?"

"இல்ல சார். அந்த வரி என் எழுத்து. நான்தான்."

"நீங்களா?"

"ஆமா சார். துடைப்பத்துல சிக்குதுன்னு எடுத்து வச்சேன்."

"இத நீங்க எழுதலேன்னா எங்களுக்குத் தெரிய வழியே இல்லையே."

"இல்ல சார்."

சுற்றறிக்கை உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். அதிகாரி அவரைப் பார்க்காமல் நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். நீ கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். வெள்ளி பகலிலிருந்து திங்கள் காலை வரை நோட்டில் 4.1 என்று இருபத்தாறு முறை இருக்கிறது. அதில் ஒன்பது என் கையெழுத்து. ஃப்ரிட்ஜைக் குளிர்விக்கும் கம்ப்ரஸர் பழுதாகி நின்றது சனி பிற்பகல் ஒன்றரை சுமாருக்கு என்று ஃப்ரிட்ஜ் மெக்கானிக் சொல்லியிருக்கிறார். அதன்படி என் ஒன்பதில் ஐந்து நேரம் ஃப்ரிட்ஜ் உண்மையிலேயே நான்கு டிகிரியில் இருந்திருக்கும். நான்கு நேரம் இல்லை. "அந்த அஞ்ச எழுதும்போது ஃப்ரிட்ஜைப் பாத்தீங்களா?" என்றார்.

"இல்ல சார்."

"மத்த நாலுக்கு?"

"இல்ல."

"அப்போ ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

அவர் நோட்டை மூடினார்.

உத்தரவு மாத முடிவில் வருமாம். வெளியே வந்து மாமாவிடம் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "கேட்டா சொல்லணும், சரி. கேக்காமயே எழுதிக் குடுக்குறதா?" வீட்டுக்குக் கிளம்பினோம். பாதி வழியில் டீ வாங்கிக் கொடுத்தார்.

உன் வாக்குமூலத்தில் ஒரு இடத்தில் 'என் கவனக்குறைவே முழுக் காரணம்' என்று இருந்தது. 'முழு' என்ற சொல்லை அடித்துவிட்டு, பக்கத்தில் என் சுருக்கொப்பம் போட்டேன். உன் எழுத்தில் கை வைத்ததற்கு நீ கோபிக்கலாம்.

அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

அடித்தது சரிதான்.

இங்கே என்னை நிரந்தரமாக்குவதை ஆறு மாதம் தள்ளிவைத்திருக்கிறார்கள். வேலையை விட்டு நீக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் கருவிகளில் நான் தட்டச்சு செய்யக் கூடாது என்று உத்தரவு. மற்றவர்கள் அமைத்ததை உட்கார்ந்து சரிபார்க்கிறேன். முதல் வாரத்தில் பதினொரு ஸ்விட்சுகள் பார்த்தேன். நான்கில் எச்சரிக்கை போகும் முகவரி, வேலையை விட்டுப் போனவர்களுடையது. ஒருவர் இறந்தே போயிருக்கிறார். பட்டியல் எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். "நீங்க சும்மாவே இருக்க மாட்டீங்களாய்யா?" என்றார், ஆனால் அன்றைக்கே மாற்றச் சொல்லிவிட்டார்.

உங்கள் மருத்துவமனைக்காகப் பழைய கம்பெனியிலிருந்து ஒரு பொறியாளர் என்னைக் கூப்பிட்டார். அந்த மாடியைத் திருத்தி அமைக்கப் போகிறவர், நிதானமாகக் கேள்வி கேட்கிற பெண். மூடு என்பதை எடுத்துவிட்டு வேகத்தைக் குறை, தானாகத் திற என்று மாற்றப் போவதாகச் சொன்னார். நிர்வாகம் அப்படிக் கேட்கிறதாம். எது சரி என்று என்னைக் கேட்டார். எனக்கு இன்னும் தெரியவில்லை. மூடினால் திறக்க ஒரு ஆள் வேண்டும். குறைத்தால் யாரும் வரவே மாட்டார்கள். ரீஸ்டார்ட் அந்த வயரைக் கழற்றும் வரை அந்தச் சின்னப் பெட்டிக்குள் அது சுற்றிக்கொண்டேதான் இருந்திருக்கும், குறைத்திருந்தாலும் உன் திரைக்கு எண் வந்திருக்காது. இதைச் சொன்னேன். ஆகவே எதை வைத்தாலும், எச்சரிக்கை யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதைச் சோதித்துப் பார்க்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள் என்றேன். எழுதிக்கொண்டார்.

நான்கு மாதம் பற்றி. முதல் மூன்று வாரம் உண்மையிலேயே வேலை இருந்தது. அதன் பிறகு இல்லை. அம்மா படுத்துக் கிடப்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீ பார்த்துக்கொள்கிறாய் என்று இருந்துவிட்டேன். இதற்கு நான் இதுவரை வேறு காரணங்கள் சொல்லியிருக்கிறேன்.

உத்தரவு வந்ததும் எழுது.

தம்பி


ஏப்ரல் 8

தம்பிக்கு,

உத்தரவு வந்தது. வேலை போகவில்லை. எச்சரிக்கையைக் கவனிக்கவில்லை என்ற குற்றச்சாட்டு நீக்கப்பட்டது, எச்சரிக்கை எனக்கு வரவில்லை என்பதால். வயர் விஷயம் 'அறியாமல் செய்தது' என்று ஒரு வரி. பொய்யாக எழுதினேன் என்பது நிரூபணம். பொறுப்பாளர் பதவி போயிற்று. ரத்த வங்கியிலிருந்து பழைய ஆவணங்கள் வைக்கும் அறைக்கு மாற்றம்.

முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மாமாவும் ஊழியர் சங்கத்துக்காரரும் எழுதியே கொண்டுவந்துவிட்டார்கள். எல்லோரும் திரையைப் பார்த்துத்தான் எழுதினார்கள், நீ மட்டும் ஏன் சுமக்க வேண்டும் என்றார்கள். நான் அந்த நோட்டின் நகலை எடுத்துப் பார்த்தேன். ஐந்து பத்திகள் இருக்கின்றன. நான்காவதன் தலைப்பு 'நேரில் கண்ட வெப்பநிலை'. அதை அச்சடிக்கக் கொடுத்ததே நான்தான், எட்டு வருடத்துக்கு முன். மேல்முறையீட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நேற்று சாவியை ஒப்படைக்கப் போனேன். உன் பொறியாளர் பெண் மூன்று நாள் இருந்து எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறார். மூடு என்பதையே வைத்திருக்கிறார்கள். புதிதாக எண் வராவிட்டால் ஐந்து நிமிடத்தில் திரை சாம்பல் நிறமாகிவிடும். நோட்டையும் நிறுத்திவிட்டார்கள், இனி திரையே பதிவு செய்துகொள்ளுமாம். அதற்கும் சுற்றறிக்கை வந்திருக்கிறது.

கிளம்பும்போது ரீஸ்டார்ட் வழியில் நிறுத்தி, "மேடம், உங்க பேருலதான் போட்டிருக்கோம், சரியா வருதான்னு சொல்லுங்க" என்றார். எது என்றேன். பதினான்காம் போர்ட்டின் எச்சரிக்கை. சுற்றறிக்கைதான் என் பெயரைக் கொடுத்திருக்கிறார். இந்த விஷயம் முழுக்கத் தெரிந்தவர் நான்தானாம். பொறியாளர் பெண் சோதிக்காமல் போக மாட்டேன் என்று நின்று, சோதனைச் செய்தி அனுப்பியிருக்கிறார். அது என் பெயருக்குச் சரியாகப் போய்விட்டது, அவரும் திருப்தியோடு ஊருக்குப் போய்விட்டார். நான் இனி ரத்த வங்கியில் இல்லை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

சுற்றறிக்கையின் அறைக்குப் போனேன். என் பெயரை எடுத்துவிட்டு, பணியில் இருப்பவர் கையில் இருக்கும் ரத்த வங்கிப் போனைப் போடச் சொன்னேன்.

"போட்டுடலாம்மா. அடுத்த வாரம் கம்பெனிக்காரங்க வருவாங்க, அப்ப மாத்திக்கலாம்" என்றார்.

"ரீஸ்டார்ட்டே மாத்தலாம் சார். ரெண்டு நிமிஷ வேலை."

"பாத்துக்கலாம்மா. நீங்க போங்க."

நான் போகவில்லை. அவருக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் இரண்டு கோப்புகள் பார்த்தார். ஒரு போன் பேசினார். யாரோ உள்ளே வந்து என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நாற்பது நிமிடம் இருக்கும். கடைசியில் ரீஸ்டார்ட்டைக் கூப்பிட்டு மாற்றச் சொன்னார். அவர் அங்கேயே நின்று மாற்றினார். "மாத்தியாச்சு" என்று திரையைத் திருப்பிக் காட்டினார்.

நான் எழுந்து மாடிக்குப் போனேன். ரத்த வங்கியில் புதுப் பொறுப்பாளர் இருந்தார். நான் எதற்கு வந்தேன் என்று அவருக்குப் புரியவில்லை. கீழே போன் செய்து ஒரு சோதனைச் செய்தி அனுப்பச் சொன்னேன். மேசை மேல் இருந்த போன் அடித்தது. அவர் எடுத்துப் படித்தார். நானும் வாங்கிப் பார்த்தேன். பதினான்காம் போர்ட் என்று இருந்தது.

ஃப்ரிட்ஜ் வரை போய் முள்ளையும் பார்த்தேன். மூன்றரை. பிறகு சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அக்கா